உங்களுக்குத் தெரியுமா? தங்க எழுத்தில் தொடங்கும் பாட்டு

இடைக்கால ஐரோப்பாவின் மடங்களிலும் பேராலயங்களிலும் பாடகர்களுக்காகக் கையால் எழுதிய இசை ஏடுகளைப் பார்ப்பவர்களின் கண் முதலில் தங்கத்துக்குத்தான் போகும். அடுத்து அந்த ஆழ்ந்த நீலத்துக்கு. சிவப்புக் கோடுகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறு கறுப்புச் சதுரங்களை நின்று பார்ப்பவர்கள் குறைவு. அந்தச் சதுரங்கள்தான் பாட்டு. தங்கமும் நீலமும் அவற்றுக்குத் துணையாக வந்தவை. இந்த முறை அந்த ஏடுகளைப் பற்றிய செய்திகள்.

✦ செவில் நகரின் ஆயர் இசிதோர், தம் காலத்து அறிவையெல்லாம் ஒரே கலைக்களஞ்சியமாகத் தொகுத்தவர். 636-ல் இறந்தார். இசையைப் பற்றி எழுதும்போது ஒரு வருத்தத்தையும் அதில் பதிந்து வைத்தார்: ஒலியை எழுதி வைக்க வழி கிடையாது, ஆகவே மனிதர் நினைவில் காப்பாற்றாவிட்டால் அது அழிந்துபோகும். அவர் காலத்தில் அது உண்மைதான். ஆண்டு முழுவதும், நாளுக்கு ஏழெட்டு வேளை பாட வேண்டிய லத்தீன் பாடல்கள் அத்தனையும் துறவிகளின் தொண்டையிலும் நெஞ்சிலும் மட்டுமே இருந்தன. ஒரு முதிய பாடகர் இறந்தால் சில மெட்டுகளும் அவரோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

✦ கிரெகோரியன் இசை என்ற பெயர் திருத்தந்தை முதலாம் கிரகோரியிடமிருந்து வந்தது. அவர் பொறுப்பில் இருந்தது 590 முதல் 604 வரை. தூய ஆவி புறா வடிவில் தோளில் அமர்ந்து காதில் மெட்டுகளைச் சொல்ல, அவர் எழுத்தருக்குச் சொல்லி எழுதவைத்தார் என்பது மரபுக்கதை. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் கால்லன் மடத்தில் ஹார்ட்கர் என்ற துறவி 1000-ஐ ஒட்டி எழுதிய பாடல் ஏட்டில் இந்தக் காட்சி ஓவியமாகவே இருக்கிறது. எழுத்தர் கையில் இசைக்குறிகள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கிரகோரி காலத்தில் இசைக்குறியே இல்லை. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிகள் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பிராங்கு அரசர் பிப்பினும் அவர் மகன் சார்லமேனும் ரோமின் பாட்டு முறையைத் தங்கள் நாடெங்கும் பரப்ப முயன்றபோது, உள்ளூர் பாட்டும் ரோமப் பாட்டும் கலந்து பிறந்ததே இந்த இசை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இந்த ஏட்டை எழுதிய ஹார்ட்கரையும் நினைக்க வேண்டும். 980 முதல் 1011-ல் சாகும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள் தனிச்சிற்றறையில் தன்னை அடைத்துக்கொண்டு வாழ்ந்தவர். வெளியே வராத மனிதரின் கையெழுத்து ஆயிரம் ஆண்டு கடந்து உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

✦ அதே மடத்தின் நூலகத்தில் 359 என்ற எண்ணில் ஓர் ஏடு உண்டு. ஒடுக்கமானது, நெட்டையானது, கையில் பிடித்துப் பாட வசதியானது. திருப்பலியில் தனியாகப் பாடுபவருக்கான பாடல்கள் அதில் இருக்கின்றன. 922-க்கும் 926-க்கும் இடையில் எழுதியது. இசைக்குறிகளோடு முழுமையாகத் தப்பிவந்த மிகப் பழைய ஏடுகளில் இதுவும் ஒன்று. இதை வைத்திருந்த மரப்பெட்டியில் பதித்த தந்தப் பலகைகள் ஏட்டைவிடப் பல நூற்றாண்டு பழையவை. கிறிஸ்தவப் பாடல் ஏட்டின் பெட்டிதானே, அதில் என்ன செதுக்கியிருக்கும்? கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸ் இந்தியர்களோடு போரிடும் காட்சி! கி.பி. 500-ஐ ஒட்டிய வேலைப்பாடு. தந்தம் விலைமதிப்பற்றது, பாடல் ஏடும் விலைமதிப்பற்றது. இரண்டையும் சேர்த்து வைத்தார்கள்.

✦ அந்தக் காலத்துக் குறிகளில் கோடு கிடையாது. பாடல் வரியின் தலைக்கு மேல் சிறு கீற்றுகள், கொக்கிகள், வளைவுகள். இவற்றுக்கு நியூம் என்று பெயர். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறி இறங்கி மறுபடி ஏறுகிறதா என்பதை இவை காட்டும். எவ்வளவு ஏற வேண்டும் என்பதைக் காட்டாது. மெட்டை ஏற்கெனவே அறிந்தவருக்கு நினைவூட்டும் குறி, அவ்வளவுதான்.

ஆனால் கோட்டு முறை வந்தபின் தொலைந்துபோன ஒரு நுட்பம் இதில் இருந்தது. குறிகளின் ஓரத்தில் பொடி எழுத்துகள் போட்டிருப்பார்கள். 'சி' என்றால் விரைந்து பாடு. 'டி' என்றால் இழுத்து நிறுத்து. எந்த அசையில் குரல் தயங்க வேண்டும், எங்கே வழுக்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கீற்றுகளில் இருக்கிறது. பிற்காலச் சதுரக் குறிகள் சுரத்தைத் துல்லியமாகச் சொல்லும், இந்த மூச்சைச் சொல்லாது.

✦ நோட்கர் என்ற துறவிக்குத் திக்குவாயர் என்றே பட்டப்பெயர். சாங்க்ட் கால்லன் மடத்தில் சிறுவனாக இருந்தபோது அவருக்கு ஒரு பெரிய தொல்லை. அல்லேலூயா பாடும்போது கடைசி எழுத்தான 'யா'வை இழுத்து, சொல்லே இல்லாமல் மிக நீண்ட மெட்டாக விரிப்பார்கள். சொல் இல்லாத அந்த நீள மெட்டு அவர் மனத்தில் நிற்கவே இல்லை. அப்போது வடபிரான்சின் ஜுமியேஜ் மடத்தை நார்மன் கொள்ளையர் சூறையாட, அங்கிருந்து தப்பிவந்த குரு ஒருவர் ஒரு பாடல் ஏட்டைக் கையோடு கொண்டுவந்தார். அதில் அந்த நீள மெட்டுகளுக்குக் கீழே சொற்கள் எழுதியிருந்தன. சொற்கள் அவ்வளவு சிறப்பாக இல்லை என்று நோட்கருக்குப் பட்டது. வழி மட்டும் பிடித்துப்போயிற்று. தாமே எழுதிப் பார்த்தார். ஆசிரியர் ஈசோ திருத்தம் சொன்னார்: மெட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் அசை இருக்க வேண்டும்.

அப்படி எழுதிய பாடல்களைத் தொகுத்து 884-ல் வெர்ச்செல்லி நகரின் ஆயர் லியூட்வார்டுக்குக் காணிக்கையாக்கினார். இந்தக் கதை முழுவதும் அந்தத் தொகுப்பின் முன்னுரையில் அவரே சொன்னது. நினைவில் நிற்காத மெட்டுக்காகத் தவித்த ஒரு சிறுவனிடமிருந்து ஐரோப்பியப் பாட்டின் ஒரு பெரிய கிளை வளர்ந்தது. கொள்ளையடித்து எரித்த மடத்திலிருந்து அந்தக் குரு எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதையும் கவனியுங்கள்.

✦ சிவப்புக் கோடு ஒன்று, மஞ்சள் கோடு ஒன்று. இசையை எழுதும் முறையே இதனால் மாறியது.

11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் பொம்போசா மடத்தில் சிறுவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் குவீடோ. பத்தாண்டு படித்தும் பாடகர்கள் புதிய பாட்டு ஒன்றைத் தாமாகப் பாட முடியவில்லையே என்று அவருக்கு ஆதங்கம். குறிகளைக் கோடுகளிலும் அவற்றின் இடைவெளிகளிலும் ஏற்றி வைத்தார். 'எஃப்' சுரம் நிற்கும் கோடு சிவப்பு, 'சி' சுரம் நிற்கும் கோடு மஞ்சள். இந்த இரண்டின் கீழேதான் அரைச்சுர இடைவெளி வரும், பாடகர் இடறுவதும் அங்கேதான். அந்த இடத்தில் நிறத்தால் கையைப் பிடித்துக்கொண்டார். இனி ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு போதும் என்று எழுதினார்.

மடத்தில் பொறாமை கிளம்பியது. அவர் அரெத்சோ நகரத்துக்குப் போனார். அங்கே ஆயர் ஆதரித்தார். செய்தி ரோமுக்கு எட்டி, திருத்தந்தை 19-ஆம் யோவான் ஆளனுப்பி வரவழைத்தார். ஏட்டைப் புரட்டிப் பார்த்து, தாம் அதுவரை கேட்டே இராத ஒரு வரியை அதைப் பார்த்தே பாடிவிட்டார் திருத்தந்தை! குவீடோ ரோமில் நீண்ட நாள் தங்கவில்லை. அந்த ஊரின் கோடை வெயிலும் சதுப்புக் காற்றும் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

திருமுழுக்கு யோவானைப் போற்றும் பழைய பாடல் ஒன்றில் முதல் ஆறு அடிகளும் ஒன்றைவிட ஒன்று ஒரு சுரம் உயர்ந்து தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளை எடுத்துத்தான் உத், ரே, மி, ஃபா, சொல், லா என்று சுரங்களுக்குப் பெயர் வைத்தார். 'உத்' பின்னாளில் 'டோ' ஆயிற்று. உலகம் முழுக்கக் குழந்தைகள் பாடும் டோ ரே மி இந்த மடத்து ஆசிரியரின் வகுப்பறையிலிருந்து வந்தது.

✦ மேல்நாட்டு இசைத்தாளின் தொடக்கத்தில் வளைந்து நெளிந்து நிற்கும் கிளெஃப் குறிகள் வெறும் அலங்காரம் என்று நினைத்திருந்தீர்களா? அவை எழுத்துகள். கோட்டின் முனையில் எழுதிய 'சி', 'எஃப்', 'ஜி' என்ற எழுத்துகளே நூற்றாண்டுகளாகப் பலர் கைபட்டு அந்த வடிவத்துக்கு வந்தன. சுரத்தைத் தாழ்த்தும் ஃபிளாட் குறியும் உருண்டையாக எழுதிய 'பி'தான்.

✦ இந்த ஏடுகளின் மூலப்பொருள் பட்டியலைப் பார்த்தால் நாட்டுமருந்துக் கடைக்குப் போவது போலிருக்கும். கறுப்பு மைக்கு மாசிக்காய். கருவாலி மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் உருண்டு திரளும் காய்ப்பு அது. நம் வீடுகளில் பிள்ளைக்கு உரைத்துக் கொடுப்பதும் அதே வகைதான். அதை ஊறவைத்த சாற்றில் அன்னபேதியைப் போட்டதும் கறுக்கும். வேலம்பிசின் சேர்த்தால் இறகுப் பேனாவில் நின்று இறங்கும். மஞ்சளுக்கு அரிதாரம். பச்சைக்குச் செம்பில் பூக்கும் களிம்பு. சிவப்புக்குச் சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும்.

ஈயச் செந்தூரத்துக்கு லத்தீனில் மினியம் என்று பெயர். அதைப் பூசும் வேலையிலிருந்து பிறந்த சொல்தான் மினியேச்சர். சிறியது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

நீலத்தில் உயர்ந்தது லாபிஸ் லசூலி கல்லிலிருந்து வந்தது. இடைக்கால ஐரோப்பாவுக்கு அது ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைச் சுரங்கங்களிலிருந்து போயிற்று. கடல் கடந்து வந்ததால் அல்ட்ராமரைன், அதாவது கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்றே பெயர். மாதாவின் மேலாடைக்கு அந்த நீலத்தை வைத்ததற்கு அதன் அருமையும் ஒரு காரணம். கருஞ்சிவப்புச் சாயங்களில் ஒன்று நம் பக்கத்து அரக்கு. ஓவியர்கள் லேக் என்று சொல்லும் சாய வகைக்குப் பெயர் வந்ததே அரக்கின் வடமொழிப் பெயரான லாக்‌ஷாவிலிருந்துதான்.

✦ தங்கம் எப்படி ஒட்டியது? தங்க ரேக்கைத் தோலில் நேராக வைத்தால் தட்டையாகக் கிடக்கும். ஆகவே முதலில் ஜிப்சம், ஈயவெள்ளை, சிறிது சர்க்கரை, பசை ஆகியவற்றைக் குழைத்து, எழுத்து வரும் இடத்தில் மேடாகப் பூசுவார்கள். காய்ந்த மேட்டின் மேல் வாயால் ஊதுவார்கள். மூச்சின் ஈரத்தில் பசை இளகும். அந்த நொடியில் ரேக்கை வைத்து அழுத்துவார்கள். பிறகு நாயின் பல்லோ வழவழப்பான கல்லோ கொண்டு தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். மேடாக நிற்பதால் மெழுகுதிரி அசையும்போது எழுத்தும் அசைவது போலிருக்கும். பாட்டுக்கான ஏட்டில் தங்கத்தை ஒட்டியதும் ஒரு மனித மூச்சுதான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

✦ தோல் செம்மறித்தோல், கன்றுத்தோல், வெள்ளாட்டுத்தோல். சுண்ணாம்பு நீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, முடி களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி, பிறைவடிவக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குவார்கள். பெரிய பாடல் ஏடுகளில் ஒரு கன்றின் முழுத்தோலும் ஒரு மடிப்புக்கே சரியாகப் போய்விடும். மடித்தால் இரண்டு இதழ், நான்கு பக்கம். 200 இதழ் கொண்ட ஏடு என்றால் நூறு கன்றுகள். கோடு போட ஒரு கருவி உண்டு, பல முனை கொண்ட பேனா. ஒரே இழுப்பில் நான்கு சிவப்புக் கோடும் விழும். லத்தீனில் அதற்குச் சருகுவாரி என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள்.

✦ ஏன் இவ்வளவு பெரிது? இருபது பேருக்கு ஒரே ஏடு என்பதால்தான். பாடகர் குழு முழுவதும் ஒரு சாய்மேசையைச் சுற்றி நின்று, அதிகாலை இருட்டில் மெழுகுதிரி வெளிச்சத்தில் பார்த்துப் பாட வேண்டும். கடைசியில் நிற்பவருக்கும் சுரம் தெரிய வேண்டும். அதனால்தான் ஒரு பக்கத்தில் ஐந்தாறு வரி மட்டும், எழுத்து விரல் அளவு. அட்டையில் பித்தளைக் குமிழ்கள். ஏட்டைப் படுக்கவைத்தால் தோல் உரசாமல் குமிழ்கள் தாங்கிக்கொள்ளும்.

நியூரம்பெர்கின் புனித லாரன்ஸ் ஆலயத்துக்காக 1504 முதல் 1510 வரை எழுதிய இரண்டு தொகுதி ஏட்டின் பக்கம் 65 சென்டிமீட்டர் உயரம். அதன் ஒரு பக்கத்தின் அடியில் வாத்துகள் கூட்டமாக நின்று பெரிய பாடல் ஏட்டைப் பார்த்துப் பாடுகின்றன. பாட்டு ஆசிரியர் ஓநாய். பின்னால் ஒரு நரி காலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஏட்டுக்கு 'வாத்துப் புத்தகம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆலயத்தின் சிறுவர் குழு பார்த்துப் பாடிய பக்கம் அது. அவர்கள் முகத்தில் வந்திருக்கும் சிரிப்பை ஓவியர் யாக்கோப் எல்ஸ்னர் கட்டாயம் நினைத்துப் பார்த்திருப்பார். இன்று அது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது.

✦ பக்க எண் பெரும்பாலும் கிடையாது. பாட்டைத் தேடுவது எப்படி? எழுத்தின் அளவே வழிகாட்டி. திருவிழா பெரிதானால் முதலெழுத்தும் பெரிது. திருப்பலிப் பாடல் ஏடு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறோடு தொடங்கும், அன்றைய பாட்டின் முதலெழுத்து 'ஏ'. எனவே பெரும்பாலான ஏடுகளில் மிகப் பெரிய எழுத்தும் அதுதான். தாவீது அரசர் தம் ஆன்மாவைச் சிறு குழந்தை வடிவில் இரு கையால் இறைவனை நோக்கி உயர்த்துவதைப் பல ஓவியர்கள் அதற்குள் வரைந்தார்கள். 'பி' வந்தால் கிறிஸ்துமஸ், உள்ளே மாட்டுத்தொழுவம். 'ஆர்' வந்தால் உயிர்ப்பு ஞாயிறு, கல்லறையிலிருந்து எழும் இயேசு. வேகமாகப் புரட்டும் கைக்கு ஓவியமே அடையாளம். இந்த ஓவிய எழுத்துகளே பின்னால் ஏடுகளுக்கு எமனாயின. அதைப் பிறகு சொல்கிறேன்.

✦ தென்னித்தாலியில் புத்தகமாக இல்லாமல் நீளச் சுருளாகவே ஒரு பாட்டை எழுதி வைத்தார்கள். உயிர்ப்புப் பெருவிழாவின் முந்தைய இரவு, பாஸ்கா திரியை ஏற்றியதும் திருத்தொண்டர் பாடும் பாஸ்கா புகழுரை. 10 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை பெனவெந்தோ, பாரி, மொந்தே கசீனோ வட்டாரங்களில் எழுதிய இந்தச் சுருள்கள் பலவற்றில் ஒரு விந்தை: எழுத்து ஒரு பக்கம் பார்க்கும், படங்கள் தலைகீழாக இருக்கும். உயரமான வாசக மேடையில் நின்று பாடப் பாட, பாடி முடித்த பகுதி மேடையின் முன்புறம் வழிந்து இறங்கும். அப்போது கீழே நிற்கும் மக்களுக்குப் படம் நேராகத் தெரியும். அந்த மங்கிய வெளிச்சத்தில் எவ்வளவு தெரிந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். தெரிந்தது கொஞ்சமானாலும், எழுத்தறியாத மக்களை நினைத்துப் படத்தைத் திருப்பி வரைந்த அந்த எண்ணம் பெரியது. மெழுகு தந்த தேனீக்களைப் புகழும் பகுதி அந்தப் பாட்டில் உண்டு. அந்த இடத்தில் பூக்களைச் சுற்றித் தேனீக்கள் பறக்கும்.

✦ எழுதியவர் யார் என்றே தெரியாத ஏடுகள்தான் மிகுதி. ஆனால் ஒரு பெண் தெளிவாக நிற்கிறார். வடஜெர்மனியில் ஓஸ்னாபுரூக் அருகே ரூல்லே என்ற ஊரின் சிஸ்டர்சியக் கன்னியர் மடத்தில் இருந்த கீசெலா ஃபோன் கெர்சென்புரோக். 1300-ஐ ஒட்டிய அவருடைய திருப்பலிப் பாடல் ஏட்டின் குறிப்பு ஒன்று, எழுதியதும் இசைக்குறி இட்டதும் பக்கம் இட்டதும் தங்க எழுத்துகளாலும் அழகிய படங்களாலும் அணி செய்ததும் அவரே என்று பதிந்து, அவர் ஆன்மாவுக்காக இறைவனை வேண்டுகிறது. கிறிஸ்துமஸ் பாடலின் 'பி' எழுத்துக்குள், தொழுவத்துக்குக் கீழே கன்னியர் ஏட்டை விரித்துப் பாடுகிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பக்கத்தில் ஒரு பெயர்: கீஸ்லே. தான் எழுதிய ஏட்டுக்குள்ளேயே, தான் பாடியபடி. பெண்கள் மடங்களில் இத்தகைய ஏடுகள் ஒன்றிரண்டல்ல. சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் கதரீனெந்தால் மடத்துக் கன்னியர் 1312-ல் செய்துவைத்த ஏட்டின் ஓரங்களில் மண்டியிட்டு வேண்டும் சிறு சிறு உருவங்கள் நிறைய. பார்த்துப் பாடியவர்கள் அங்கே தங்களையே கண்டிருப்பார்கள்.

✦ புளோரன்ஸ் நகரின் சாந்தா மரியா தெல்யி ஆஞ்செலி மடம் 14-ஆம் நூற்றாண்டில் இந்தக் கலையின் உச்சம். கலைஞர்களின் வரலாறு எழுதிய வசாரி அந்த மடத்துப் பாடல் ஏடுகளைக் கண்டு வியந்து, வேறொன்றையும் சொல்கிறார். எழுதிய துறவி யாக்கோப்போவும் ஓவியம் தீட்டிய துறவி சில்வெஸ்த்ரோவும் இறந்தபின், அவர்களின் வலக்கைகளை மடத்தார் ஒரு பேழையில் வைத்துக் காத்தார்களாம். புனிதர்களின் எலும்புக்குச் செய்யும் மரியாதை அது.

✦ 2011 ஜூலை. ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தேலா பேராலயத்தின் பெட்டகத்திலிருந்து 12-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று காணாமல் போயிற்று. புனித யாகப்பருக்கான பாடல்களும், மூன்று குரல்களில் பாடும் இசைக்குப் பழைய சான்று என்று பலர் கருதும் ஒரு பாட்டும் கொண்ட காலிக்ஸ்டினுஸ் ஏடு. ஓராண்டு தேடினார்கள். 2012 ஜூலையில் ஒரு கார் கொட்டகையில் கிடைத்தது. எடுத்தவர் அதே பேராலயத்தில் முன்பு மின்பணி செய்தவர். ஏட்டுக்குப் பெரிய சேதம் இல்லை.

✦ பிங்கன் ஊர் புனித ஹில்டகார்டின் 70-க்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ள பேரேடு 15 கிலோ எடை. உலகப்போரின்போது பாதுகாப்புக்காக அதையும், அவர் கண்ட இறைக்காட்சிகளை ஓவியமாகக் கொண்ட இன்னோர் ஏட்டையும் 1942-ல் டிரெஸ்டன் நகரத்து வங்கிப் பெட்டகத்துக்கு அனுப்பினார்கள். 1945-ல் குண்டுவீச்சில் டிரெஸ்டன் எரிந்தது. பாடல் ஏடு தப்பி 1948-ல் வீஸ்பாடனுக்குத் திரும்பியது. ஓவிய ஏடு இன்றுவரை கிடைக்கவில்லை. ஐபிங்கன் மடத்துக் கன்னியர் 1927-க்கும் 1933-க்கும் இடையில் அதைப் பார்த்துத் தோலில் அப்படியே படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்தப் படி இல்லையென்றால் அதன் நிறங்கள் என்னவென்று இன்று நமக்குத் தெரிந்திருக்காது.

✦ 16-ஆம் நூற்றாண்டில் சுவீடன் லூத்தர் நெறிக்கு மாறியதும், பழைய லத்தீன் ஏடுகள் அரசின் கைக்கு வந்தன. வரி அலுவலர்கள் அவற்றைப் பிரித்துக் கணக்குப் புத்தகங்களுக்கு அட்டை போட்டார்கள். அப்படித் தப்பிய துண்டுகள் 20,000-க்கும் மேல் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. பாதி அல்லேலூயா ஓர் ஊரின் வெண்ணெய் வரிக் கணக்கைச் சுமந்திருக்கலாம். ஆனாலும் அந்தக் கணக்குதான் அதைக் காப்பாற்றியது.

✦ ஏடுகளை அழித்ததில் வெறுப்பைவிட ஆசைக்குப் பங்கு அதிகம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வலி. 1798-ல் பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்தபோது சிஸ்டைன் சிற்றாலயத்தின் ஏடுகள் சூறைபோயின. லூயிஜி செலோத்தி என்ற குரு அவற்றிலிருந்து வெட்டிய ஓவியங்களை வாங்கி விற்றார். எழுத்துகளையும் ஓரச் சித்திரங்களையும் வெட்டி, வேறு விதமாகச் சேர்த்து ஒட்டி, சட்டம் போடத்தக்க படங்களாக்கினார்கள். 1825 மே 26 அன்று லண்டனில் கிறிஸ்டீஸ் ஏலக்கூடத்தில் அவை விலைபோயின. வெட்டிய துண்டுகளுக்கென்றே நடந்த முதல் பெரிய ஏலம் அது. அதன்பின் ஐரோப்பா முழுக்கக் கத்தரிக்கோல் ஓடியது. பெரிய ஏட்டைத் தூக்கிப்போவது கடினம், ஓர் எழுத்தை வெட்டி எடுத்தால் பைக்குள் போய்விடும்.

ஆங்கிலக் கலை விமரிசகர் ஜான் ரஸ்கின் இந்த ஓவியங்களை உயிருக்கு உயிராய் நேசித்தவர். ஏடுகளை வாங்கி, வெட்டி, நண்பர்களுக்கும் பள்ளிகளுக்கும் கொடுத்தார். மாலை நேரத்தில் ஒரு வழிபாட்டு ஏட்டை வெட்டியதையும், அது கடினமான வேலையாக இருந்ததையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1290-ல் போப்ரே மடத்துக் கன்னியருக்காக எழுதிய பெரிய பாடல் ஏடுகளும் அவர் கைக்குப் போய் இதழ்களை இழந்தன. எஞ்சிய தொகுதிகள் இப்போது பால்டிமோரின் வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றன. எல்லாரும் பார்க்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் அவர் பிரித்தார். பிரிந்தவை திரும்பிச் சேரவில்லை.

✦ கீற்றுக் குறிகளை மறுபடி வாசிக்கக் கற்றது எப்படி? 1847-ல் பிரான்சின் மோன்பெலியே நகரத்து நூலகம் ஒன்றில் 11-ஆம் நூற்றாண்டு ஏடு ஒன்று கண்ணில் பட்டது. திஜோன் நகர மடத்தைச் சேர்ந்தது. ஒவ்வொரு மெட்டும் அதில் இருமுறை இருந்தது: மேலே கீற்றுகளாக, கூடவே சுர எழுத்துகளாக. பூட்டும் சாவியும் ஒரே பக்கத்தில்! 1889 முதல் சொலேம் மடத்துத் துறவிகள் பழைய ஏடுகளை ஒளிப்படம் எடுத்து வரிசையாக வெளியிட்டார்கள். ஒரே பாட்டைப் பல ஏடுகளில் ஒப்பிட்டு மெட்டை மீட்டார்கள். 1979-ல் அவர்கள் வெளியிட்ட பாடல் நூலில் சதுரக் குறிக்கு மேலும் கீழும் லாவோன் நகரத்துப் பழைய ஏட்டின் கீற்றுகளும் சாங்க்ட் கால்லன் கீற்றுகளும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன. தொலைந்த மூச்சைப் பாடகர்கள் இப்போது அதைப் பார்த்துத் தேடிப் பிடிக்கிறார்கள்.

✦ கடைசியாக ஒரு பொடிக் குறி. இசை வரி முடியும் இடத்தில், கடைசிச் சதுரத்துக்கு அப்பால், மெலிந்த வால்போல ஒன்று நிற்கும். பெயர் குஸ்தோஸ், காவலாள் என்று பொருள். அதைப் பாடக்கூடாது. அடுத்த வரி எந்தச் சுரத்தில் தொடங்குகிறது என்று முன்கூட்டிக் காட்டுவதே அதன் வேலை. பக்கத்தின் கடைசி வரியிலும் அது இருக்கும், கனத்த தோலிதழைப் புரட்டும் அந்த ஓரிரு நொடியில் இருபது குரல்களும் தடுமாறாமல் இருக்க.

ஏலத்தில் தனித்தனியாக விற்றுப்போன இதழ்களிலும் அந்தக் காவலாள் அப்படியே நிற்கிறான். இதழின் வலது மூலையில், கடைசிக் கோட்டின் ஓரத்தில், அடுத்த பக்கத்தின் முதல் சுரத்தைக் காட்டிக்கொண்டு.